கடைசியாக வாங்கும் அடுப்பு

சமையலறையைப் புதுப்பிக்கத் தீர்மானிக்கும் குடும்பங்களில் முதல் விவாதம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது. கிரானைட் கறுப்பா, சாம்பலா. அலமாரிக் கதவு பளபளப்பாக இருப்பதா, மங்கலாக இருப்பதா. டைல்ஸ் கூரைவரை போவதா, பாதிச் சுவரோடு நிற்பதா. வாரக்கணக்கில் யோசனை நடக்கும். தச்சர் அளவெடுத்து, மேடைக்கல் அறுத்து, குழாய்க்காரரும் எலெக்ட்ரீஷியனும் வந்து போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடைக்குப் போய் அரை மணி நேரத்தில் அடுப்பு வாங்கி வருவார்கள். சமையலறை எதற்காக இருக்கிறதோ அந்தப் பொருளுக்குப் பட்டியலில் கடைசி இடம்.

இந்த வரிசை தலைகீழானது. மேடை எவ்வளவு உயரம், கேஸ் குழாய் எங்கே முடிய வேண்டும், 16 ஆம்பியர் பிளக் எத்தனை, காற்றுத் துவாரம் சுவரின் மேலேயா கீழேயா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அடுப்புதான். கல்லை அறுத்த பிறகு அடுப்பைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பதில்லை. அறுத்த பள்ளத்துக்கு எது பொருந்துமோ அதை வாங்குகிறார். ஒரு முறை புதுப்பித்த சமையலறையை நடுத்தரக் குடும்பம் மறுபடி தொடுவதற்குப் பத்துப் பதினைந்து வருடங்களாவது ஆகும். அத்தனை நாளும் அந்தத் தவற்றின் முன்னால் ஒருவர் தினமும் மூன்று நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்.

அடுப்பு விஷயத்தில் இந்தியர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே புதிது என்பதும் ஒரு காரணம். பம்பாயில் 1955ல் பர்மா ஷெல் நிறுவனம் சிலிண்டர் கேஸ் விற்க ஆரம்பித்தது. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் கேஸ் இணைப்பு என்பது பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய சமாசாரம். முறை வருவதற்கு முன்பே இணைப்புக் கொடுக்கச் சொல்லும் கூப்பன்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில் இருந்தன. அந்தச் சிபாரிசுக்கு ஆளாய்ப் பறந்தவர்கள் ஏராளம். இணைப்பு கிடைத்ததே பாக்கியம் என்றிருந்தபோது ஏஜென்சிக்காரர் கைகாட்டிய இரண்டு பர்னர் அடுப்பை வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். இன்று கடையில் ஐம்பது மாடல்கள் அணிவகுத்து நிற்கும்போது கண் போகும் இடத்துக்குக் கை போகிறது.

கண் முதலில் போகும் இடம் பெரும்பாலும் குக்கிங் ரேஞ்ச். மேலே நான்கு அல்லது ஐந்து பர்னர், கீழே பெரிய ஓவன், முன்னால் வரிசையாகத் திருகுகள், 60 அல்லது 90 சென்டிமீட்டர் அகலத்தில் எஃகு உடம்பு. ஐரோப்பிய வீடுகளில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ரொட்டி, இறைச்சி, காய்கறி எல்லாம் ஓவனில் வேகும் சமையல் அது. அடுப்பும் ஓவனும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நம்மவர்களின் வீடுகளில் பெரும்பாலும் முதல் வருடம் இரண்டு கேக், ஒரு பீட்ஸாவோடு ஓவனின் உத்தியோகம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வாணலி, தோசைக்கல், பழைய டால்டா டப்பா எல்லாம் அதற்குள் குடியேறிவிடும். விருந்தினர் வந்தால் மட்டும் துடைக்கப்படும் அலமாரிக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

எல்லோருக்கும் பதில் ஒன்றல்ல. கோவாவில் பெபின்கா செய்பவர்களுக்கு மேலிருந்து விழும் சூடு வேண்டும். அடுக்கடுக்காக மாவை ஊற்றி ஒவ்வோர் அடுக்கையும் மேல்பக்கமாகச் சிவக்க வைக்கிற பலகாரம் அது. கேரளத்தில் கிறிஸ்துமஸுக்கு வாரக்கணக்கில் பழம் ஊறவைத்துக் கேக் சுடும் குடும்பங்கள் இருக்கின்றன. மாதம் நான்கு முறையாவது ஓவன் மூட்டப்படும் வீட்டில் ரேஞ்ச் தன் இடத்துக்கு வாடகை கொடுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கூட இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும். ஓவன் கேஸில் எரிவதா, மின்சாரத்திலா? கேஸ் ஓவன் மின்வெட்டிலும் வேலை செய்யும்; ஆனால் பல மாடல்களில் சூடு கீழிருந்துதான் வரும், மேலே கிரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின் ஓவன் சீராகச் சுடும். அதற்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். வருடத்தில் நாலைந்து முறை கேக் சுடுகிறவர்களுக்கு முப்பது லிட்டர் ஓ.டி.ஜி. ஒன்று தாராளமாகப் போதும். வேலை முடிந்ததும் பரணில் ஏற்றிவிடலாம். ரேஞ்சைப் பரணில் ஏற்ற முடியாது.

ஓவன் தகராறு தீர்ந்ததும் அடுத்த போட்டி மேடையில் பதிக்கும் ஹாபுக்கும் மேலே வைக்கும் சாதாரண அடுப்புக்கும் இண்டக்‌ஷனுக்கும் நடக்கிறது. இதைத் தீர்த்துவைக்கக் கடையின் விளம்பரத் தாளால் முடியாது. வீட்டுப் பாத்திரங்களால் முடியும். பரணிலும் அலமாரியிலும் இருப்பதையெல்லாம் கீழே இறக்கி, வாரம் ஒரு முறையாவது அடுப்பேறுகிற பாத்திரங்களைத் தனியாக எடுத்துவைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும். ஒரு தமிழ்க் குடும்பம் மும்பையின் செம்பூரில் இருந்தாலும் தில்லியின் மயூர் விஹாரில் இருந்தாலும் அந்தக் குவியலில் இட்லிப் பானை, இரும்புத் தோசைக்கல், பெரிய குக்கர், வாணலி, ஈயச்செம்பு, சில வீடுகளில் வெண்கலப் பானையும் கல்சட்டியும் நிச்சயம் இருக்கும்.

இப்போது ஒரு டேப்பை எடுத்து இட்லிப் பானையின் விட்டத்தை அளக்க வேண்டும். பிறகு ஹாபில் ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்த பர்னரின் நடுவரை எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் நான்கு பர்னர்களை நெருக்கியிருக்கும் ஹாபில் இட்லிப் பானையையும் வாணலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தள்ளும். நான்கு பர்னர் என்று காசு கொடுத்தவர் நடைமுறையில் பயன்படுத்துவது இரண்டைத்தான். நன்றாக இடம் விட்டு அமைத்த மூன்று பர்னர் அடுப்பு, நெருக்கியடித்த நான்கு பர்னரைவிட அதிகம் சமைக்கும்.

இண்டக்‌ஷன் இந்தக் குவியலை இன்னும் கடுமையாகச் சலித்துவிடும். கண்ணாடிக்கு அடியிலிருக்கும் கம்பிச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம்தான் பாத்திரத்தின் அடியைச் சுட வைக்கிறது. பாத்திரம் காந்தத்தில் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தால் போதும். இரும்புத் தோசைக்கல் தேறும். அடி தட்டையான சில எவர்சில்வர் பாத்திரங்கள் தேறும். சாதாரண அலுமினிய குக்கர், ஈயச்செம்பு, வெண்கலப் பானை, கல்சட்டி, உருண்டை அடி வாணலி எல்லாம் தேறாது. அப்பளம் சுடுவதற்கும் கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைப்பதற்கும் நேரடித் தீ வேண்டும். வட இந்திய வீடுகளில் ஃபுல்கா உப்புவதற்கும் அதே தீதான். இண்டக்‌ஷன் வாங்குகிறவர் அடுப்போடு பாதிப் பாத்திரங்களையும் சேர்த்து மாற்றுகிறார். அந்தச் செலவு விலைச் சீட்டில் இருக்காது.

இதனால் இண்டக்‌ஷன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பால் காய்ச்ச, வெந்நீர் போட, சாதம் வடிக்க அதைவிடச் சுத்தமான வழி கிடையாது. அறையில் வெப்பம் குறைவு, தீ இல்லை, வயதானவர்கள் அணைக்க மறந்தாலும் நேரம் குறித்துவைத்தால் தானே நின்றுவிடும். சிலிண்டர் தீர்ந்த இரவில் காப்பாற்றுவதும் அதுதான். ஒற்றை இண்டக்‌ஷன் சுமார் 2,000 வாட் எடுக்கும். ஒரு 16 ஆம்பியர் பிளக் போதும். நான்கு வட்டம் கொண்ட பெரிய இண்டக்‌ஷன் 7,000 வாட் வரை இழுக்கும். சிறிய ஃபிளாட்டுகளுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த மின்சுமையே அதைவிடக் குறைவாக இருக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு அல்லது மூன்று பர்னர் கேஸ் அடுப்பும் பக்கத்தில் ஓர் ஒற்றை இண்டக்‌ஷனும் நல்ல ஜோடி. இதையும் கல் அறுப்பதற்கு முன்பே யோசித்தால்தான் பிளக் சரியான இடத்தில் வரும்.

செலவு எது குறைவு என்ற கேள்விக்கு ஒரு சுருக்கமான கணக்கு இருக்கிறது. வீட்டு சிலிண்டரில் உள்ள கேஸ் 14.2 கிலோ. அதன் மொத்த வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐ.எஸ். 4246 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி கேஸ் அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவிகிதம் இருக்க வேண்டும். மீதி வெப்பம் பாத்திரத்தைத் தொடாமல் அறைக்குள் போகிறது. இண்டக்‌ஷனின் திறனை 85 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய அதற்குச் சுமார் 145 யூனிட் ஆகும். ஆகவே சிலிண்டர் விலையை 145ஆல் வகுக்க வேண்டும். சிலிண்டர் 870 ரூபாய் என்றால் விடை 6 ரூபாய். வீட்டு மின் கட்டணத்தில் கடைசி யூனிட்டுக்குக் கொடுப்பது ஆறு ரூபாய்க்குக் கீழே என்றால் இண்டக்‌ஷன் லாபம். மேலே என்றால் கேஸ் லாபம். கடைசி யூனிட் என்பது முக்கியம். மின்வாரியங்களில் பல உபயோகம் ஏற ஏற விலையை ஏற்றுகின்றன. இண்டக்‌ஷன் செலவு அந்த மேல்படியில்தான் போய்ச் சேரும்.

கேஸ் என்று முடிவு செய்தாலும் எந்த கேஸ் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மும்பையில் 1995லும் தில்லியில் 1998லும் தொடங்கப்பட்ட நிறுவனங்கள் குழாய் வழியே இயற்கை எரிவாயுவை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. இன்று பல நகரங்களில் அந்தக் குழாய் போய்க்கொண்டிருக்கிறது. சிலிண்டர் கேஸும் குழாய் கேஸும் அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் குணம் வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், அலமாரியின் அடியில் தேங்கும். குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, கூரைக்கு ஏறும். எனவே சிலிண்டர் வீட்டில் காற்றுத் துவாரம் தரையோரமாகவும், குழாய் கேஸ் வீட்டில் கூரையோரமாகவும் இருப்பது அவசியம். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைத்து அழகாகக் கதவு போடுகிறவர்கள் அந்தக் கதவின் அடியில் துவாரங்கள் விட மறந்தால், கசியும் கேஸை அவர்களே பெட்டி கட்டிச் சேமித்துவைக்கிறார்கள் என்று பொருள்.

அடுப்புக்குள் இருக்கும் ஜெட் எனப்படும் சிறு துளையும் இரண்டுக்கும் வேறு. குழாய் கேஸுக்குப் பெரிய துளை, சிலிண்டர் கேஸுக்குச் சிறிய துளை. சிலிண்டருக்கான அடுப்பைக் குழாயில் மாட்டினால் தீ மெழுகுவர்த்தி போல் எரியும். குழாய்க்கானதைச் சிலிண்டரில் மாட்டினால் தீ சீறிக் கரிபிடிக்கும், அது ஆபத்து. மாற்றலாகிற உத்தியோகத்தில் இருப்பவர்கள் வாங்கும்போதே இரண்டு வகை ஜெட்டும் கிடைக்குமா, மாற்றித் தர ஆள் வருவாரா என்று கேட்டுவிடுவது நல்லது. குக்கிங் ரேஞ்ச் என்றால் மேலே உள்ள பர்னர்களோடு கீழே ஓவனின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். அது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

பாதுகாப்பில் மூன்று விஷயங்கள் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. முதலாவது ஐ.எஸ்.ஐ. முத்திரை. அது பெட்டியில் இருந்தால் போதாது, அடுப்பின் மேல் இருக்க வேண்டும். இரண்டாவது, தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் கருவி. பால் பொங்கி வழிந்தோ ஜன்னல் காற்று அடித்தோ தீ அணையும்போது, பர்னருக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சிறு உலோக முனை குளிர்ந்து வால்வை மூடிவிடும். இது இல்லாத அடுப்புகள்தான் இன்னும் அதிகம். தனியாக இருக்கும் முதியவர்கள் சமைக்கிற வீட்டில் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது ஐந்தாவது பர்னருக்குக் கொடுப்பதைவிடப் புத்திசாலித்தனம். மூன்றாவது ரப்பர் குழாய். சுரக்ஷா குழாயின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், சுவருக்குள்ளோ டிராயருக்குப் பின்னாலோ ஒளித்து இழுக்கக் கூடாது. ஹாபில் குழாய் மேடைக்கு அடியில் மறைந்திருப்பதால் வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத் தொட்டுப் பார்க்கும் அளவுக்காவது அங்கே வழி வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது உயரம். தச்சர்கள் மேடையைக் கேட்காமலே 32 முதல் 34 அங்குலம்வரை போட்டுவிடுகிறார்கள். ஐந்தடி உயரமுள்ள பெண்ணின் முழங்கை தரையிலிருந்து சுமார் 37 அங்குலத்தில் இருக்கும். 34 அங்குல மேடை, அதன்மேல் ஐந்து அங்குல அடுப்பு, அதன்மேல் எட்டு அங்குல குக்கர் என்று கூட்டினால் 47 அங்குலம். கிட்டத்தட்ட அவருடைய தோள் உயரத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கிளற வேண்டும். வருடக்கணக்கில் தோள்வலிக்குத் தைலம் தடவிக்கொள்கிற பல பெண்களுக்கு வலி எங்கிருந்து வருகிறது என்று யாரும் அளந்து சொன்னதில்லை. மேடையில் பதிக்கும் ஹாப் இதில் மூன்று நான்கு அங்குலத்தை மிச்சப்படுத்தும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டுவது இன்னொரு வழி. அதற்கு அதிகச் செலவும் இல்லை. குக்கிங் ரேஞ்ச் வாங்கினால் இந்த வசதி கிடையாது. அதன் உயரம் தொழிற்சாலையில் தீர்மானிக்கப்பட்டது, 85 முதல் 90 சென்டிமீட்டர். காலைத் திருகி ஓர் அங்குலம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான்.

அடுப்பை ஏன் இவ்வளவு நாள் யாரும் முதலில் யோசிக்கவில்லை என்பதற்கான பதிலும் இந்த உயரக் கணக்கிலேயே இருக்கிறது. சமையலறைக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், வரைபடம் போடுபவர் இன்னொருவர், கல் அறுப்பவர் மூன்றாமவர். நிற்கப் போகிறவரிடம் கேட்பது நிறத்தை மட்டும். அவர் மனைவியாகவோ மாமியாராகவோ இருக்கலாம். வேலைக்குப் போகும் தம்பதி வீட்டில் காலையில் வந்து சமைத்துவிட்டுப் போகும் அம்மாவாகவும் இருக்கலாம். அவருடைய முழங்கை உயரத்தை அளந்துகொண்டு அளவெடுக்கத் தொடங்கும் தச்சர் அபூர்வம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்பு கடைக்குப் போக வேண்டும். யார் சமைக்கிறார்களோ அவர் கட்டாயம் கூட வர வேண்டும். இட்லிப் பானையும் பெரிய வாணலியும் ஒரு பையில் வந்தால் கடைக்காரர் ஒரு தரம் விழித்துப் பார்ப்பார், பரவாயில்லை. அவற்றை அடுப்பின் மேல் வைத்து, எதிரே நின்று, கையை நீட்டிப் பார்க்க வேண்டும். உதிரிப் பாகம் அந்த ஊரிலேயே கிடைக்கிறதா, பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருவார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அடுப்பின் அளவுத் தாளை வாங்கி வந்து தச்சர் கையில் கொடுக்க வேண்டும். கிரானைட்டின் நிறத்தை அடுத்த வாரம் முடிவு செய்தாலும் குடி முழுகிவிடாது.